இரண்டாம் சரணம் மறந்துபோனால்



காலை வேலைக்குப் போகிற நேரத்தில் நம் கல்கத்தாவின் நேதாஜி பவன் நிலையத்தில் மெட்ரோ ஏறுகிறவர்கள் நம்மில் பலர். 1984 அக்டோபர் 24-ஆம் நாள் நம் நாட்டின் முதல் மெட்ரோ ரயில் எஸ்பிளனேடிலிருந்து கிளம்பி வந்து நின்ற இடம் அது. அப்போது அந்த நிலையத்துக்குப் பவானிபூர் என்றுதான் பெயர். இன்று அந்தப் பெட்டிக்குள் நின்று சுற்றிலும் பாருங்கள். எல்லார் காதிலும் ஏதோ ஒன்று செருகியிருக்கிறது. ஒரு பெரியவர் ரவீந்திர சங்கீதம் கேட்கிறார். அவர் பக்கத்தில் நிற்கும் பையனின் காதில் இந்திப் பாட்டு. மேல் கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடி நிற்கும் நம் சகோதரி ஒருத்தி செபப் பாட்டு கேட்டுக்கொண்டே வேலைக்குப் போகிறாள். ஒரு பெட்டியில் நூறு பாட்டு ஓடுகிறது. ஒருவருடைய பாட்டு அடுத்தவருக்குக் கேட்பதில்லை.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. என் கைப்பேசியிலும் பாட்டுகள் இருக்கின்றன. தூக்கம் வராத இரவுகளில் நானும் கேட்கிறவன்தான். ஆனாலும் ஒரு கேள்வி எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. உலகத்தின் மிக நல்ல குரல்களெல்லாம் சட்டைப்பைக்குள் வந்துவிட்டன. பிசிறு இல்லை, சுருதி விலகல் இல்லை, இருமல் இல்லை. அப்படியிருக்க, சனிக்கிழமை மாலை அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்துக்கு நீங்கள் ஏன் வருகிறீர்கள்? ஹரிஷ் முகர்ஜி சாலைப் பக்கத்துச் சந்துக்குள் நுழைந்து, முழங்கால் வலியோடு இரண்டு மாடி ஏறி, செருப்பைக் கழற்றிவிட்டு, பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்து, ஆர்மோனியத்தில் இரண்டு கட்டை அமுங்காத குறையோடு பாடுகிறோமே, அங்கே எதைத் தேடி வருகிறோம்?

போன மாதக் கூட்டத்துக்கு விருந்தாளியாக ஆங்கிலோ இந்தியப் பெரியவர் ஒருவர் வந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கிட்டாரோடு வந்திருந்தார். அந்தக் கிட்டாரை நீங்கள் கவனித்தீர்களோ என்னவோ, நான் கவனித்தேன். அதன் கழுத்தில் ஒரு பென்சிலைக் குறுக்கே வைத்து ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டியிருந்தார். சுருதியை ஏற்றுவதற்குக் கடையில் ஒரு கிளிப் விற்கிறார்கள். அதற்குப் பதிலாக இந்தப் பென்சில். பல வருடமாக அதே பென்சில் என்று நினைக்கிறேன், மஞ்சள் பூச்சு முழுக்க உதிர்ந்துபோயிருந்தது.

அவர் பாடியவை அமெரிக்க நாட்டுப்புறத்துப் பக்திப் பாட்டுகள். கன்ட்ரி காஸ்பல் என்று சொல்வார்கள். நம் கல்கத்தாவுக்கு அது அந்நியமான பாட்டு அல்ல. அத்தகைய பாட்டுகளைப் பாடிய ஜிம் ரீவ்ஸ் என்ற பாடகர், தானே ஓட்டிச் சென்ற சிறு விமானம் இடிமழையில் சிக்கி விழுந்ததில் 1964 ஜூலை 31-ஆம் நாள் இறந்துபோனார். அப்போது அவருக்கு நாற்பது வயது. அவர் போய் அறுபது வருடம் தாண்டிவிட்டது. இன்றைக்கும் ரிப்பன் தெருவிலும் எலியட் ரோட்டிலும் போ பாரக்ஸின் செங்கல் குடியிருப்பிலும் டிசம்பர் பிறந்தால் அவர் குரல் கேட்கிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் படைவீரர்களுக்காகக் கட்டிய அந்தக் குடியிருப்பில், கிறிஸ்துமஸ் வாரத்தில் தெருவிலேயே மேடை போட்டுப் பாடுவார்கள். கேரளத்திலும் இலங்கையிலும் அவருக்கு இதே செல்வாக்கு. காரணம் கேட்டால், பெரிய வித்தை எதுவும் இல்லை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. தாழ்ந்த குரல், அவசரமில்லாத நடை, மூன்று நாலு கார்டு. பாட்டின் பொருளும் பெரும்பாலும் ஒன்றேதான்: களைத்துவிட்டேன், பொழுது சாய்கிறது, அம்மா முன்னே போய்விட்டாள், ஆண்டவரே கையைப் பிடித்துக்கொள்ளும். மதுரைப் பக்கத்துக் களத்துமேட்டில் பிறந்த பாட்டி ஒருத்திக்கு ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாவிட்டாலும் அந்தப் பாட்டு எதைப் பற்றியது என்பது தெரிந்துவிடும்.

அன்றைக்கு அவர் ஒரு பாட்டின் நடுவில் நின்றுபோனார். இரண்டாம் சரணம் மறந்துவிட்டது. கிட்டாரைத் தட்டிக்கொண்டே கூரையைப் பார்த்தார், சிரித்தார், முதல் சரணத்தையே மறுபடி பாடினார். நாம் என்ன செய்தோம்? யாரும் முகம் சுளிக்கவில்லை. பல்லவி வந்ததும், அதற்குள் அதைப் பிடித்துக்கொண்டிருந்த நாம் எல்லாரும் சேர்ந்து பாடினோம். சொல் தெரியாதவர்கள் மெட்டை மட்டும் முனகினார்கள். அவர் விட்ட இடத்தை நம் குரல்கள் நிரப்பின. கூட்டம் முடிந்து படியிறங்கும்போது, சமீபத்தில் கணவரை இழந்த ஒரு சகோதரி என்னிடம், "சாமி, இன்னைக்குத்தான் வாய் திறந்தேன்" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கைப்பேசியில் இருக்கும் பாடகர் சரணத்தை மறப்பதில்லை. அதனாலேயே அவருக்கு நம் உதவியும் தேவைப்படுவதில்லை.

அன்பானவர்களே, திருப்பாடல் 136-ஐ வீட்டுக்குப் போய்ப் பொறுமையாக வாசித்துப் பாருங்கள். இருபத்தாறு வசனங்கள். ஒவ்வொரு வசனத்தின் பின்பாதியும் ஒன்றே: ஆண்டவருடைய பேரன்புக்கு முடிவில்லை என்பது. தனியாக உட்கார்ந்து வாசித்தால் சலிப்புத் தட்டும். இதையே எத்தனை முறை சொல்வது என்று தோன்றும். ஆனால் அது தனியாக வாசிக்க எழுதிய பாட்டு அல்ல. ஒருவர் முன்பாதியைப் பாட, கூடியிருந்த மக்கள் பின்பாதியைப் பாடியிருக்க வேண்டும் என்பது அதன் அமைப்பிலேயே தெரிகிறது. வானத்தைப் படைத்ததும், செங்கடலைப் பிளந்ததும், பாலைவனத்தில் நடத்தியதும், அரசர்களை வென்றதும் முன்பாதியில் வருகின்றன. அவற்றை நினைவில் வைத்துப் பாட ஒரு லேவியர் வேண்டும். பின்பாதிக்கு எந்தப் பயிற்சியும் வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாத மேய்ப்பனும், தாயின் இடுப்பில் இருக்கும் குழந்தையும், தாமதமாக வந்து பின்னால் நிற்பவனும் மூன்றாம் வசனத்துக்குள் சேர்ந்துகொள்ளலாம். கடவுளுடைய வல்லமையைப் பாடத் தேர்ந்த ஆள் தேவைப்பட்டது. அவருடைய இரக்கத்தைப் பாட எல்லாரையும் கூப்பிட்டார்கள்.

புறநகர் ரயிலில் மூன்று பேர் உட்காரும் பலகையில் நான்காவது ஆள் வந்து நின்றால், யாரும் எதுவும் பேசாமலேயே இருக்கிறவர்கள் சற்று நகர்ந்து கொடுப்பார்கள், பார்த்திருக்கிறீர்கள். பல்லவி வரும்போது பாட்டு அப்படித்தான் நகர்ந்து கொடுக்கிறது.

இனி நற்செய்திக்கு வருகிறேன். மத்தேயுவும் மாற்கும் ஒரே வசனத்தில் சொல்லிக் கடந்துபோகிற ஒரு செய்தி இருக்கிறது. இராவுணவு முடிந்ததும் ஆண்டவரும் சீடர்களும் புகழ்ப்பாடல் பாடிவிட்டு ஒலிவ மலைக்குப் புறப்பட்டார்கள். பெரிய வியாழன் திருப்பலியில் பாதம் கழுவுவதைப் பார்க்கிறோம், அப்பத்தையும் கிண்ணத்தையும் பார்க்கிறோம். இந்தப் பாட்டை நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருக்கிறோம்? பாஸ்கா இரவில் யூதர்கள் பாடி வந்தவை திருப்பாடல்கள் 113 முதல் 118 வரை. விருந்து முடிந்து பாடுவது அதன் பிற்பகுதி. 118-ஆம் பாடலின் தொடக்கமும் முடிவும் மறுபடியும் அதே பேரன்பைப் பற்றியவைதான்.

அந்த மாடி அறையில் யார் யார் பாடினார்கள் என்று யோசியுங்கள். பேதுரு பாடினார். கலிலேயாக் கடலில் வலை இழுத்த மனிதர். குரல் இனிமையாக இருந்திருக்கும் என்று நான் கற்பனை செய்வதில்லை, சத்தமாக இருந்திருக்கும் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. பேரன்புக்கு முடிவில்லை என்று பாடிய அதே வாய் சில மணி நேரம் கழித்து, தலைமைக் குருவின் முற்றத்தில் கரிநெருப்புப் பக்கத்தில் நின்று, அந்த மனிதனை எனக்குத் தெரியாது என்றது. தோமாவும் மற்றவர்களும் பாடினார்கள். தோட்டத்தில் வாளும் தடியும் வந்தபோது ஓடினார்கள். இதெல்லாம் நடக்கும் என்பது ஆண்டவருக்குத் தெரியும். மூன்று முறை மறுதலிப்பாய் என்று பேதுருவிடம் அதே இரவில் சொல்லியும் விட்டார்.

தெரிந்தும் அவரோடு சேர்ந்து பாடினார் ஆண்டவர். நீ முதலில் உன் வாழ்க்கையைச் சரிசெய்துகொண்டு வா, பிறகு பாடு என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாடும்போது என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்கிறது, சாமி என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. வீட்டில் கத்திவிட்டு வந்திருக்கிறேன், அலுவலகத்தில் ஒருவனுக்குத் துரோகம் செய்துவிட்டு வந்திருக்கிறேன், எந்த வாயால் பாடுவது என்று கேட்பார்கள். ஒப்புரவு அருளடையாளத்துக்கு வாருங்கள், அதில் மாற்றமில்லை. ஆனால் பாடாமல் இருக்காதீர்கள். பேதுருவின் பக்கத்தில் நின்று பாடியவர் உங்கள் பக்கத்தில் நின்று பாடக் கூச்சப்படுவாரா?

இன்னொன்றையும் இங்கே பேசியாக வேண்டும். சிலருக்கு இது சற்றுக் கசக்கலாம்.

கிராமத்துப் பாட்டு கோயிலுக்குள் வேண்டாம் என்று முறையிட்டு நம்மில் சிலர் என்னிடம் வந்தார்கள். கிட்டார் இருக்கட்டும், கீர்த்தனை இருக்கட்டும், டோலக்கும் பறையும் எதற்கு என்பது அவர்களுடைய கேள்வி. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்து, வங்காளிகளும் குஜராத்திகளும் பஞ்சாபிகளும் வாழ்கிற தெருவில் நாலு பேர் மதிக்க வாழ வேண்டும் என்ற தவிப்பு அதற்குள் இருக்கிறது. அந்தத் தவிப்பு எனக்கும் தெரியும். ஆனால் அந்த அமெரிக்கப் பாட்டை இவ்வளவு ரசித்தோமே, அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் நம் மனம் கொஞ்சம் இளகும்.

1927 ஆகஸ்டு மாதம் அமெரிக்காவில் பிரிஸ்டல் என்ற சிற்றூரில், பழைய தொப்பிக் கம்பெனிக் கட்டடம் ஒன்றில், இசைத்தட்டு நிறுவனத்தார் மலைநாட்டுப் பாடகர்களை வரவழைத்துப் பதிவு செய்தார்கள். அங்கே வந்தவர்களில் கார்ட்டர் குடும்பத்தார் மூவர்: ஏ. பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, சாராவின் ஒன்றுவிட்ட சகோதரி மேபெல். மேபெல் அப்போது எட்டு மாதக் கர்ப்பிணி. அந்த மலைநாட்டுப் பாட்டுக்குத் தேசமெங்கும் காது கிடைத்தது அங்கிருந்துதான். பிறகு புதிய பாட்டுகள் தேவைப்பட்டன. ஏ. பி. கார்ட்டர் மலைக்கிராமங்களில் வீடு வீடாகப் போய் வயதானவர்களிடம் பாட்டுக் கேட்டு எழுதினார். சொல்லை எழுதிக்கொள்ள அவரால் முடிந்தது. மெட்டை மனத்தில் வைத்துக்கொள்ள முடியவில்லை. அதற்காக அவர் கூடவே ஒரு நண்பரை அழைத்துப் போனார். பெயர் லெஸ்லி ரிடில். கறுப்பினத்தவர், சிமெண்டு ஆலை விபத்தில் ஒரு காலை இழந்தவர், அருமையான கிட்டார்க் கலைஞர். ஒருமுறை கேட்ட மெட்டு அவர் தலைக்குள் தங்கிவிடும். கறுப்பின மக்களின் தேவாலயங்களிலிருந்தும் வீடுகளிலிருந்தும் அப்படிப் பல பாட்டுகள் வந்து சேர்ந்தன. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட முடியாத காலம், ஊர். இசைத்தட்டின் மேல் கார்ட்டர் பெயர் இருந்தது. ரிடில் பெயர் இல்லை. பல ஆண்டுகள் கழித்து 1960-களில்தான் இசை ஆர்வலர்கள் அவரைத் தேடிக் கண்டுபிடித்தார்கள்.

நாம் கண்ணை மூடிக் கேட்டு ஆறுதலடைகிற அந்தப் பாட்டு, மேசையில் இடம் கிடைக்காத ஒருவருடைய நினைவில் உட்கார்ந்து நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

நம் தமிழ்நாட்டிலும் இதே கதைதான். மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர் தியோபிலஸ் அப்பாவு, 1940-இல் பிறந்து 2005-இல் மறைந்தவர். பரட்டை என்று சொன்னால்தான் பலருக்குத் தெரியும். அவர் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர், தென்னிந்தியத் திருச்சபையின் போதகர். ஆனால் அவர் செய்த வேலை நம் எல்லாருக்குமானது. படித்தவர்களின் கர்நாடக மெட்டுக் கீர்த்தனையும் வெள்ளைக்காரர்களின் பாமாலையும் கோயிலுக்குள் கௌரவமாக உட்கார்ந்திருக்க, சேரியில் பாடிய நாட்டுப்புற மெட்டு மட்டும் வாசலுக்கு வெளியே நிற்பதைப் பார்த்தார். பறை சாவுக்கு அடிக்கிற மேளம், அதை அடிக்கிறவர்கள் தீண்டத்தகாதவர்கள் என்று ஊர் ஒதுக்கியிருந்தது. கோயிலும் ஊரோடு சேர்ந்துகொண்டது. பரட்டை நாட்டுப்புற மெட்டிலேயே ஒரு முழு வழிபாட்டை இயற்றினார். ஊர் ஒரே உலையில் பொங்கி எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடுவதை நற்கருணைக்கு அருகில் கொண்டுவந்து வைத்தார். தம் பாட்டை மக்கள் தங்கள் வாய்க்கு ஏற்றபடி மாற்றிப் பாடினால் கோபப்படாமல் மகிழ்ந்தவர் அவர். நாட்டுப்புறப் பாட்டுக்கு அதுதானே அழகு?

நம் திருச்சபையும் இதற்கு எதிரானதல்ல. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய கொள்கைத்திரட்டு, மக்களுக்குச் சொந்தமான இசை மரபுக்கு உரிய மதிப்பும் தகுந்த இடமும் தரவேண்டும் என்கிறது. அதற்கும் வெகுகாலம் முன்பே நம் முன்னோர் தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கத்தை ஒப்பாரி போல் நீட்டிப் பாடி அழுதவர்கள்தானே. மாதா தன் மகனை மடியில் கிடத்தியதைப் பாடும்போது, தன் பிள்ளையைப் பறிகொடுத்த கிராமத்துத் தாய் அதே குரலில் தன் பிள்ளைக்காகவும் அழுதுகொண்டாள். யாரும் அதைப் பிழை என்று சொல்லவில்லை. இங்கே வங்காளத்திலும் நதியா மாவட்டத்துக் கிறிஸ்தவக் கிராமங்களில் கோல் என்ற மேளமும் கர்த்தால் என்ற கைத்தாளமும் வைத்துக் கீர்த்தனம் பாடித்தான் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடுகிறார்கள்.

ஆகவே உங்களை ஒன்று கேட்கிறேன். நீங்களே உங்கள் மனத்துக்குள் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். பறையின் ஒலி கோயிலுக்குள் கேட்கும்போது உங்களுக்கு நெருடுவது அந்த ஒலியா, அதை அடிக்கிறவர்களின் நினைவா?

பதில் சங்கடமாக இருந்தால் பயப்பட வேண்டாம். நம்முடைய மேட்டிமையையும் ஆண்டவர் இரக்கத்தோடுதான் பார்க்கிறார். அவர் மாட்டுக்கொட்டிலில் பிறந்தபோது முதலில் வந்து பார்த்தவர்கள் ஆட்டுவாடையோடு வந்த இடையர்கள். மரியாள் அவர்களை உள்ளே விட்டாள். அதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

கீபோர்டைப் பற்றி ஒரு வார்த்தை, நம் பாடகர் குழு பிள்ளைகள் மனம் வருந்த வேண்டாம். அதில் பொத்தானை அழுத்தினால் தாளம் தானாக ஓடுகிறது. அழகாகத்தான் ஓடுகிறது. ஆனால் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் நம் பாட்டிக்கு எண்பதுக்கு மேல் வயது, நடுவரியில் மூச்சு வாங்குகிறது. கீபோர்டுத் தாளம் அவருக்காக நிற்காது. பாட்டி ஒரு வரி பின்தங்குகிறார், அடுத்த வரியில் வாயை மூடிக்கொள்கிறார். டோலக் அடிக்கும் தம்பியைப் பார்த்திருக்கிறேன். அவன் பாட்டியின் வாயைப் பார்த்துக்கொண்டே அடிக்கிறான். அவர் மூச்சு வாங்கும்போது ஒரு சின்ன உருட்டு உருட்டிக் காத்திருக்கிறான். யாரும் அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. நேரில் ஒன்றாகக் கூடிப் பாடும் பாட்டில் நமக்குக் கிடைக்கிற ஆறுதல் பெரும்பாலும் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே பாட்டு நமக்காகக் காத்திருக்கிறது. ஆண்டவரின் இரக்கமும் நம் மூச்சைப் பார்த்துக்கொண்டேதான் நடக்கிறது, அன்பானவர்களே. வேகமாக ஓடுகிறவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டு அது போய்விடுவதில்லை.

பாட்டு எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. சவுல் அரசனுக்கு மனம் கலங்கும்போதெல்லாம் தாவீது யாழ் வாசித்தான். சவுல் ஆறுதலடைந்தான் என்று சாமுவேல் முதல் நூல் சொல்கிறது. அதே நூலில் இரண்டு அதிகாரம் தள்ளி, தாவீது வாசித்துக்கொண்டிருக்கும்போதே சவுல் ஈட்டியை எறிகிறான். பிறகும் தாவீது வந்து வாசிக்கிறான், மறுபடியும் ஈட்டி. நம் வீடுகளிலும் சில நோய்கள் அப்படித்தான், குடி அப்படித்தான், சில மனக்கசப்புகள் அப்படித்தான். பாடின அன்று தணியும், மறுநாள் எழும். ஆபத்து என்றால் தாவீதைப் போல விலகிப் போங்கள், அதில் பாவமில்லை. ஆனால் யாழ் வாசித்த நாட்கள் வீண் என்று எண்ணாதீர்கள். அந்த நாட்களில் ஒரு கலங்கின மனிதனுக்குச் சில மணி நேரம் மூச்சு விட முடிந்தது.

பாடவே முடியாத நாட்களும் உண்டு. 1932 ஆகஸ்டு மாதம், தாமஸ் டார்சி என்ற கறுப்பின இசைக்கலைஞர் செயின்ட் லூயி நகரில் ஒரு எழுப்புதல் கூட்டத்தில் பாடிக்கொண்டிருந்தார். நடுவில் தந்தி வந்தது. சிகாகோவில் அவர் மனைவி நெட்டி பிரசவத்தில் இறந்துவிட்டாள். அவர் ஊர் திரும்பினார். பிறந்த குழந்தையும் இறந்துபோனது. இருவரையும் ஒன்றாக அடக்கம் செய்தார்கள். இனிமேல் கடவுளுக்காக ஒரு பாட்டும் எழுத மாட்டேன் என்ற நிலையில்தான் இருந்தார் அவர். அப்படி இருக்க அவருக்கு நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். சில நாள் கழித்து ஒரு நண்பர் அவரைப் பியானோ இருக்கும் அறை ஒன்றுக்கு அழைத்துப் போய் உட்கார வைத்தார். ஆண்டவரே என் கையைப் பிடித்துக்கொள்ளும் என்று கேட்கும் அந்தப் பெயர்பெற்ற பாட்டு அங்கே பிறந்தது. பாட்டை எல்லாரும் புகழ்கிறார்கள். எனக்கு அந்த நண்பர்மேல்தான் கண் போகிறது. பாடு என்று அவர் வற்புறுத்தவில்லை. கூட்டிக்கொண்டு போனார், உட்கார வைத்தார்.

இந்த மழைக்காலத்தில் ஹாஜ்ரா பக்கத்து மருத்துவமனை ஒன்றில் நம் குடும்பத்துச் சகோதரி ஒருத்தி படுத்திருந்தபோது, நம் பெண்கள் நாலு பேர் போய்ப் பக்கத்தில் நின்று அடிக்குரலில் பாடினார்கள். அவளால் பாட முடியவில்லை, உதடு கூட அசையவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த வங்காளி மாஷிமாவுக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. மூன்றாம் முறை பல்லவி வந்தபோது அவர் முனகத் தொடங்கினாராம். போர்வைக்கு மேல் விரலால் தாளமும் போட்டாராம். பவுலும் சீலாவும் சிறையில் நள்ளிரவில் பாடியபோது மற்ற கைதிகள் கேட்டுக்கொண்டிருந்ததாக லூக்கா எழுதியிருக்கிறார். யாருக்காகப் பாடுகிறோம் என்று நாம் நினைக்கிறோமோ, அவர்களோடு அது நிற்பதில்லை.

உங்களில் யாருக்காவது இப்போது அப்படி ஒரு காலமாக இருந்தால், வாய் திறக்காமலே வந்து உட்காருங்கள். நம்பிக்கையே வற்றிப்போனது போல இருந்தாலும் வாருங்கள். உங்கள் பங்கை நாங்கள் பாடுகிறோம். முன்பு எங்களுக்காக யாரோ பாடியிருக்கிறார்கள்.

வருகிற சனிக்கிழமை அன்பியக் கூட்டம் ஜது பாபுர் பஜாருக்குப் பின்னால் இருக்கும் வீட்டில், மாலை ஆறு மணிக்கு. கிறிஸ்துமஸ் பஜனைக்கான பாட்டுகளை அன்று பாடிப் பார்ப்போம். கிட்டார்ப் பெரியவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். சேலத்திலிருந்து வேலைக்கு வந்திருக்கும் தம்பி தன் பறையைக் கொண்டுவருகிறான். தோலைக் காய்ச்ச நெருப்பு வேண்டும் என்றதற்கு, வீட்டுக்காரரான வங்காளிப் பெரியவர் மொட்டைமாடியில் மூட்டிக்கொள்ளலாம், தானும் கேட்க வருகிறேன் என்று சொல்லிவிட்டார். பறை வேண்டாம் என்று என்னிடம் சொன்னவர்களுக்கு முன்வரிசையில் இடம் பிடித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். கட்டாயம் வாருங்கள். வரும்போது ஆளுக்கொரு தட்டு கொண்டுவந்தால் போதும், சாப்பாடு ஒரே பானையில்தான்.

இப்போது எழுந்து நின்று நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.